டு எங்கே வரும், எங்கே வராது?

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதிய எவருக்கும் இந்த வரி மறந்திருக்காது: "ஐ கைண்ட்லி ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்." இலக்கணம் தெரிந்து எழுதிய வரி அல்ல, மனப்பாடம். ஆனாலும் அதில் பிழை வருவதில்லை. ரெக்வெஸ்ட், அடுத்து ஆள், அடுத்து டு, அடுத்து கிராண்ட் என்று நான்கும் ஒரே கோவையாக நாக்கில் ஏறிவிட்டன. அதே ஆள் வேலைக்குப் போன பிறகு "ஹி மேட் மீ டு வெயிட்" என்று தவறாகச் சொல்கிறார். மேக் என்ற சொல்லின் பொருள் அவருக்குத் தெரியும். அதன் பின்னால் என்ன வரும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. வினைச்சொல்லை அதன் வாலோடு சேர்த்தே பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். மனத்துக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் பாடம் காது வழியாகத்தான் உள்ளே போகும்.

## இவ்வளவு இலக்கணம் போதும்

ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், அந்த இரண்டாவது வினை பெரும்பாலும் மூன்று கோலங்களில் ஒன்றில் வரும்: "டு கோ", "கோ", "கோயிங்". எந்தக் கோலம் என்பதை முதல் வினைதான் முடிவு செய்யும். நம் விருப்பத்துக்கு அதில் இடமில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. "வர விரும்புகிறேன்", "வர முடியும்", "வர விட்டார்" மூன்றிலும் "வர" மாறவே இல்லை. ஆங்கிலத்தில் இவை "ஐ வாண்ட் டு கம்", "ஐ கேன் கம்", "ஹி லெட் மீ கம்" என்று ஆகின்றன. முதலாவதில் டு உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை. நாம் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

ஒரு விதியை மட்டும் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வினையோடு சேரும் இந்த டுவுக்குப் பின்னால் வினையடி மட்டுமே வரும். வினையடி என்றால் கோ, கம், ஈட், பே போல எதுவும் ஒட்டாத வடிவம். காலத்தைச் சுமப்பது முதல் வினை.

தவறு: "ஐ வாண்டட் டு வென்ட்."
சரி: "ஐ வாண்டட் டு கோ."

தவறு: "ஷி லைக்ஸ் டு சிங்ஸ்."
சரி: "ஷி லைக்ஸ் டு சிங்."

"டிட் நாட்" என்பதற்கும் இதே கதிதான். "ஐ டிட் நாட் கேம்" அல்ல, "ஐ டிட் நாட் கம்". இறந்தகாலத்தை "டிட்" ஏற்கனவே சொல்லிவிட்டது.

## வாக்கியம் கட்டும் வரிசை

"அவரை நாளைக்கு வரச் சொன்னேன்." இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

1. தமிழ் வாக்கியத்தின் கடைசி வினையைப் பிடியுங்கள். அதுதான் ஆங்கிலத்தில் முதலில் வரும். "சொன்னேன்": "ஐ டோல்ட்".
2. இரண்டாவது வேலையைச் செய்யப்போவது யார் என்று கேளுங்கள். நீங்களே என்றால் அடுத்த படிக்குப் போங்கள். வேறொருவர் என்றால் அவரை இடையில் வையுங்கள்: "ஐ டோல்ட் ஹிம்".
3. முதல் வினைக்கு டு வேண்டுமா என்று பாருங்கள். டெல் என்பதற்கு வேண்டும்: "ஐ டோல்ட் ஹிம் டு".
4. வினையடியை வையுங்கள்: "ஐ டோல்ட் ஹிம் டு கம்".
5. எப்போது, எங்கே என்பதைக் கடைசியில் சேருங்கள்: "ஐ டோல்ட் ஹிம் டு கம் டுமாரோ."

பேசும்போது இத்தனையும் யோசிக்க நேரம் இருக்காது என்பது தெரிந்ததுதான். முதல் சில நாட்கள் எழுதிப் பாருங்கள். பிறகு வரிசை தானாகவே கைக்கு வரும்.

## டு கேட்கும் வினைகள்

அன்றாடம் புழங்குபவை இவை: வாண்ட் டு, நீட் டு, ஹோப் டு, பிளான் டு, டிசைட் டு, அக்ரீ டு, ரெஃப்யூஸ் டு, ப்ராமிஸ் டு, லேர்ன் டு, ஆஃபர் டு, மேனேஜ் டு, ஃபெயில் டு, அஃபோர்ட் டு. வாண்ட் என்று மட்டும் படிக்காதீர்கள். "வாண்ட்-டு" என்று ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகுங்கள்.

நம்மவர்கள் அதிகம் கையாளாத, ஆனால் கைக்கு வந்தால் பேச்சையே மாற்றிவிடும் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று மேனேஜ் டு. எப்படியோ சமாளித்துச் செய்து முடித்தோம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. "ஐ மேனேஜ்ட் டு கெட் எ டிக்கெட்" என்றால், அடித்துப் பிடித்து ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று பொருள். இன்னொன்று அஃபோர்ட் டு. "அந்த வீட்டை வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது" என்பதை "வீ கேனாட் அஃபோர்ட் டு பை தட் ஹவுஸ்" என்று சொல்லிவிடலாம்.

குறிப்பு: வாண்ட் என்பதை "ஐ ஆம் வாண்டிங்" என்று நீட்டாதீர்கள். "ஐ வாண்ட் டு" போதும். கடையிலோ அலுவலகத்திலோ கொஞ்சம் பணிவாகக் கேட்க வேண்டுமென்றால் "ஐ வுட் லைக் டு" என்று தொடங்குங்கள்.

## இடையில் ஒருவர் வரும்போது

டெல், ஆஸ்க், ரெக்வெஸ்ட், அலவ், அட்வைஸ், ரிமைண்ட், எக்ஸ்பெக்ட், டீச், ஃபோர்ஸ் எல்லாம் "வினை, ஆள், டு, வினையடி" என்ற வரிசையில் நிற்பவை. வாண்ட் என்பதும் இந்த வரிசைக்கு வரும். இங்கே நான்கு பிழைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன.

முதல் பிழை, "நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பதில் உள்ள "என்று" என்ற சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு போவது. "ஐ வாண்ட் தட் யூ கம்" என்பது ஆங்கிலம் ஆகாது. "ஐ வாண்ட் யூ டு கம்" என்பதே சரி.

இரண்டாவது, இடையில் வருபவரை ஹி, ஷி, தே என்று எழுவாய் வடிவில் வைப்பது. ஹிம், ஹெர், தெம் என்றுதான் வர வேண்டும். "ஐ வாண்ட் ஹி டு கம்" தவறு. "ஐ வாண்ட் ஹிம் டு கம்" சரி.

மூன்றாவது, சே என்ற வினை. "ஹி செட் மீ டு கம்" என்று சொல்லக் கூடாது. சே என்பதற்குப் பின்னால் இப்படி ஆளை நேரடியாக வைக்க முடியாது. "ஹி டோல்ட் மீ டு கம்" என்று மாற்றுங்கள்.

நான்காவது, சஜஸ்ட். "ஹி சஜஸ்டட் மீ டு பை திஸ் ஃபோன்" என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஆனால் சஜஸ்ட் இந்த வரிசையில் நிற்காது. "ஹி அட்வைஸ்ட் மீ டு பை திஸ் ஃபோன்" என்று சொல்லலாம். சஜஸ்ட் தான் வேண்டும் என்றால், "ஹி சஜஸ்டட் தட் ஐ பை திஸ் ஃபோன்".

பிழை என்று சொல்ல முடியாத, ஆனால் ஆளைச் சங்கடத்தில் மாட்டிவிடும் ஒன்றும் உண்டு. தமிழில் "மேனேஜரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்" என்றால் அதில் அதிகாரம் தொனிப்பதில்லை. "சொன்னேன்" என்பதை அப்படியே டோல்ட் ஆக்கி, "ஐ டோல்ட் த மேனேஜர் டு சைன்" என்றால் மேனேஜருக்கே உத்தரவு போட்டது போல் ஆகிவிடும். மேலதிகாரி, வாடிக்கையாளர், மருத்துவர், முன்பின் தெரியாதவர் என்றால் ஆஸ்க் போடுங்கள்: "ஐ ஆஸ்க்ட் த மேனேஜர் டு சைன்." டெல் என்பதைப் பிள்ளைகளிடமும், உங்கள் சொல்லைக் கேட்டு வேலை செய்பவர்களிடமும் வைத்துக்கொள்ளலாம்.

## நாட் நிற்கும் இடம்

"வர வேண்டாம் என்று சொன்னார்", "வரச் சொல்லவில்லை." தமிழில் இந்த இரண்டும் வேறு வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் நாட் உட்காரும் இடத்தை வைத்துத்தான் அந்த வேறுபாடு வரும்.

"ஹி டோல்ட் மீ நாட் டு கம்": வர வேண்டாம் என்றார்.
"ஹி டிட் நாட் டெல் மீ டு கம்": வரும்படி சொல்லவில்லை.

எந்த வேலையை மறுக்கிறோமோ அந்த வேலைக்கு முன்னால் நாட். வருவதை மறுத்தால் டுவுக்கு முன்னால். சொன்னதை மறுத்தால் டெல்லுக்கு முன்னால்.

## டு வேண்டாதவை

கேன், வில், ஷுட், மஸ்ட், மே போன்ற துணைவினைகள் டுவை ஏற்காது. "ஐ கேன் டு ஸ்விம்" என்று யாரும் அநேகமாகச் சொல்வதில்லை என்பதால் இதை விட்டுவிடலாம். சிக்கல் மேக், லெட் இரண்டிலும்தான்.

மேக் என்றால் செய்ய வைப்பது. லெட் என்றால் செய்ய விடுவது. இரண்டுக்கும் டு இல்லை.

"ஹி மேட் மீ வெயிட்": என்னைக் காத்திருக்க வைத்தார்.
"ஹி லெட் மீ கோ": என்னைப் போக விட்டார்.

மேக் செயப்பாட்டு வினையானால் மட்டும் டு திரும்ப வந்துவிடும்: "ஐ வாஸ் மேட் டு வெயிட்." லெட் அப்படித் திரும்பாது, அந்த இடத்தில் அலவ் வந்து நிற்கும்: "ஐ வாஸ் அலவ்ட் டு கோ." "ஐ வாஸ் லெட் டு கோ" என்று சொல்லாதீர்கள்.

ஒருவரைக் கொண்டு ஒரு வேலையை முடிப்பதற்கு கெட் என்றும் சொல்லலாம், ஹாவ் என்றும் சொல்லலாம். கெட் என்றால் டு வேண்டும்: "ஐ காட் ஹிம் டு சைன்." ஹாவ் என்றால் வேண்டாம்: "ஐ ஹேட் ஹிம் சைன்." கெட் என்பதில் பேசிச் சம்மதிக்க வைத்த உழைப்பு தெரியும், ஹாவ் என்பதில் சொன்னதும் நடந்துவிட்ட தொனி இருக்கும். ஹெல்ப் ஒன்றுக்குத்தான் சலுகை. "ஹி ஹெல்ப்ட் மீ லிஃப்ட் த பாக்ஸ்", "ஹி ஹெல்ப்ட் மீ டு லிஃப்ட் த பாக்ஸ்" இரண்டும் சரி.

சீ, ஹியர், வாட்ச் போன்ற புலன்வினைகளுக்கும் டு இல்லை. "ஐ ஹர்ட் ஹெர் சிங்" என்றால் அவள் பாடக் கேட்டேன். "ஐ ஹர்ட் ஹெர் சிங்கிங்" என்றால் பாடிக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்தது.

## "நீந்தத் தெரியும்"

"எனக்கு நீந்தத் தெரியும்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "ஐ நோ டு ஸ்விம்" என்று வரும். தமிழ்ப் பேச்சு ஆங்கிலத்துக்குள் எட்டிப் பார்க்கும் இடங்களில் இது முக்கியமானது. நோ என்பதற்குப் பின்னால் டு நேராக வராது, இடையில் ஹவ் வேண்டும்: "ஐ நோ ஹவ் டு ஸ்விம்." இல்லையென்றால் சுருக்கமாக "ஐ கேன் ஸ்விம்." வேலைக்கான நேர்காணலில் "ஐ நோ டிரைவிங்", "ஐ நோ டு ஆப்பரேட் திஸ் மெஷின்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். "ஐ நோ ஹவ் டு ஆப்பரேட் திஸ் மெஷின்" என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

இதே அச்சில் இன்னும் சில வரும்: "வாட் டு டூ", "வேர் டு கோ", "வென் டு ஸ்டார்ட்". "என்ன செய்வதென்று தெரியவில்லை" என்பதற்கு "ஐ டோண்ட் நோ வாட் டு டூ" போதும்.

## உங்கள் தமிழ்க் காது கைகொடுக்கும் இடம்

தமிழ் நம்மைத் தடுக்கி விழவைக்கிறது என்று மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. டு வேண்டுமா, கோயிங் போன்ற இங் வடிவம் வேண்டுமா என்ற கேள்விக்கு நம் காதே பல நேரம் விடை சொல்லிவிடும்.

"வர மறுத்தான்" என்று சொல்கிறோம். "வருவதை மறுத்தான்" என்று பேச்சில் சொல்வதில்லை. ரெஃப்யூஸ் டு. "பேசுவதைத் தவிர்த்தான்" என்கிறோம். "பேசத் தவிர்த்தான்" காதுக்கு இடறுகிறது. அவாய்ட் டாக்கிங். அதாவது, தமிழில் "செய்ய" என்று வந்தால் டுவைத் தேடுங்கள். "செய்வதை", "செய்ததை" என்று வந்தால் இங் வடிவத்தைத் தேடுங்கள். என்ஜாய், அவாய்ட், டினை, அட்மிட், போஸ்ட்போன், கிவ் அப் எல்லாம் இந்தச் சோதனையில் இங் பக்கம் போய்விடும். சரியான பக்கமும் அதுதான்.

இது எல்லா இடத்திலும் செல்லாது. மேலே பார்த்த மேக், லெட், நோ போன்றவை விலக்கு. ஃபினிஷ் என்பதைத் தமிழில் "எழுதி முடித்தேன்" என்கிறோம்; ஆங்கிலத்தில் "ஃபினிஷ்ட் ரைட்டிங்". "வருவதாக வாக்குக் கொடுத்தான்" என்பது ஆங்கிலத்தில் "ப்ராமிஸ்ட் டு கம்". ஸ்டார்ட், பிகின், லைக் போன்றவை பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். அவற்றில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

## கவனம்: பொருளே மாறும் வினைகள்

சில வினைகள் டு, இங் இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் வேறாகிவிடும். இவற்றில் ஸ்டாப், ஃபர்கெட் இரண்டிலும் தமிழ்ச் சோதனை அச்சுப் பிசகாமல் வேலை செய்கிறது.

ஸ்டாப்: "வீ ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ" என்றால் டீ குடிக்க நின்றோம். "வீ ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ" என்றால் டீ குடிப்பதையே நிறுத்திவிட்டோம்.

ரிமெம்பர்: "ரிமெம்பர் டு லாக் த டோர்", மறக்காமல் பூட்டு. "ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்", பூட்டியது நினைவிருக்கிறது.

ஃபர்கெட்: "ஐ ஃபர்காட் டு கால் ஹெர்", அழைக்க மறந்துவிட்டேன். "ஐ வில் நெவர் ஃபர்கெட் மீட்டிங் ஹெர்", அவளைச் சந்தித்ததை மறக்கவே மாட்டேன்.

ட்ரை: "ஐ ட்ரைட் டு ஓபன் த விண்டோ", ஜன்னலைத் திறக்க முயன்றேன், அது திறக்காமலேகூடப் போயிருக்கலாம். "ஐ ட்ரைட் ஓபனிங் த விண்டோ", காற்று வருமா என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தமிழில் "செய்து பார்" என்று வருகிற இடமெல்லாம் "ட்ரை டூயிங்".

மருத்துவமனையில் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்யக் கூடாது. "ஸ்டாப் டேக்கிங் திஸ் டேப்லட்" என்று மருத்துவர் சொன்னால் மாத்திரையை நிறுத்த வேண்டும். "ஐ ஃபர்காட் டு டேக் மை இன்சுலின்" என்றால் நீங்கள் போட்டுக்கொள்ளவில்லை என்று பொருள். "ஐ டோண்ட் ரிமெம்பர் டேக்கிங் மை இன்சுலின்" என்றால் போட்டுக்கொண்டீர்களா இல்லையா என்பதே நினைவில்லை. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைச் சொன்னால் மருத்துவர் எடுக்கும் முடிவு மாறலாம். துளி சந்தேகம் இருந்தாலும் இந்த அமைப்புகளை விட்டுவிட்டு, நேர்ச் சொல்லில் பேசுங்கள்: "ஐ டிட் நாட் டேக் மை இன்சுலின் திஸ் மார்னிங்." அழகைவிடத் தெளிவு முக்கியமான இடம் அது.

இதே எச்சரிக்கை ஹாவ் டு என்பதற்கும் பொருந்தும். "யூ மஸ்ட் நாட் ஈட்" என்றால் சாப்பிடக் கூடாது. "யூ டோண்ட் ஹாவ் டு ஈட்" என்றால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு முன் இவற்றைக் குழப்பிக்கொண்டால், பரிசோதனையையே மறுபடி செய்ய நேரிடும்.

## ஏமாற்றும் டு

எல்லா டுவும் வினையடியைக் கேட்பதில்லை. மின்னஞ்சலின் முடிவில் "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. "மீட்டிங் யூ" என்பதே சரி. எப்படிக் கண்டுபிடிப்பது? டுவுக்குப் பின்னால் "இட்" என்று வைத்துப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" பொருந்துகிறது. அப்படியென்றால் பெரும்பாலும் இங் வரும் (மேலே பார்த்த அக்ரீ டு விலக்கு). "ஐ ரெஃப்யூஸ் டு இட்" பொருந்தவில்லை, வினையடி போடுங்கள்.

யூஸ்ட் டு இரண்டு வேடம் போடும். "ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்" என்றால் முன்பெல்லாம் இரவில் ஓட்டுவேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்" என்றால் இரவில் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஓட்டுநர் வேலை கேட்டுப் போகிறவர் முதலாவதைச் சொன்னால் கிடைக்க வேண்டிய வேலை போய்விடும்.

## காதுக்கு

வேகமாகப் பேசும்போது டு அழுத்தம் இழந்து, ஏறக்குறைய "ட" என்று தேய்ந்துவிடும். வாண்ட் டு என்பது "வான்னா" ஆகும், கோயிங் டு என்பது "கன்னா" ஆகும். படங்களில் கேட்கும்போது புரிந்தால் போதும். விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் எழுத வேண்டாம். ஹாவ் டு என்பதை "ஹாஃப் டு" என்றும், யூஸ்ட் டு என்பதை "யூஸ்டு" என்று ஒரே சொல் போலவும் ஒலியுங்கள்.

## பழகும் முறை

1. ஒரு குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வினை. தலைப்பிலேயே வாலையும் எழுதுங்கள்: "ரெஃப்யூஸ் டு", "மேக் ஹிம் கோ", "என்ஜாய் ரீடிங்".
2. அதன் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து மூன்று வாக்கியங்கள். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி, பேருந்துப் பயணம் என்று இருக்கட்டும். புத்தக வாக்கியம் மனத்தில் ஒட்டாது.
3. ஒரு நாளைக்கு இரண்டு வினைக்கு மேல் எடுக்காதீர்கள். அகர வரிசைப் பட்டியலை உருப்போடுவது பலன் தராது.
4. வாக்கியத்தை உரக்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். விட்டுப்போன டு படிக்கும்போது கண்ணில் படாது, கேட்கும்போது காதில் படும்.

## பயிற்சி

விடையைக் காகிதத்தால் மூடிக்கொண்டு, வாயால் சொல்லிப் பாருங்கள்.

1. அவர் என்னை உட்காரச் சொன்னார்.
2. கேஸை அணைக்க மறந்துவிட்டேன்.
3. அம்மா என்னைப் படம் பார்க்க விடவில்லை.
4. எனக்குக் கார் ஓட்டத் தெரியும்.
5. இந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.
6. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.
7. இன்றே பணம் கட்ட வேண்டும் என்பதில்லை.
8. எங்களை வெளியே காத்திருக்க வைத்தார்கள்.

விடைகள்:

1. "ஹி ஆஸ்க்ட் மீ டு சிட் டவுன்."
2. "ஐ ஃபர்காட் டு டர்ன் ஆஃப் த கேஸ்."
3. "மை மதர் டிட் நாட் லெட் மீ வாட்ச் த மூவி."
4. "ஐ நோ ஹவ் டு டிரைவ்." "ஐ கேன் டிரைவ்" என்றாலும் சரி.
5. "ட்ரை பிரஸ்ஸிங் திஸ் பட்டன்."
6. "ஐ ஆஸ்க்ட் ஹெர் நாட் டு டெல் எனிஒன்."
7. "யூ டோண்ட் ஹாவ் டு பே டுடே." மஸ்ட் நாட் என்று சொல்லியிருந்தால் மருத்துவமனைப் பகுதியை மறுபடி படியுங்கள்.
8. "தே மேட் அஸ் வெயிட் அவுட்சைட்." இதையே "வீ" என்று தொடங்கியிருந்தால் டு வர வேண்டும்: "வீ வேர் மேட் டு வெயிட் அவுட்சைட்."